ஆற்றுப் பக்கம் யாருக்கு

அந்த வீட்டில் மேலே தம்பி குடும்பம், கீழே அண்ணன் குடும்பம். சாப்பாட்டு மேஜை மட்டும் பொது. மேஜையில் உட்கார்ந்தபின் பாலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தம்பி மனைவி சட்டம் போட்டிருந்தாள். சட்டத்தைப் போட்டவளே அதை முதலில் மீறுவாள்.

"அக்கா, இந்த மனுஷன் தூக்கத்துல கூட 'ஆத்துப் பக்கம், ஆத்துப் பக்கம்'னு பினாத்தறாரு. குடுத்துத் தொலைங்களேன். நானாவது நிம்மதியாத் தூங்குவேன்."

"தூக்கத்துல கேட்டதுக்கெல்லாம் பாலத்தைத் தூக்கிக் குடுக்க முடியுமா? முழிச்சிருக்கறப்ப நாலு பேர் முன்னாடி வந்து கேக்கச் சொல்லு," என்றார் அண்ணி, தட்டை நகர்த்திக்கொண்டே.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த வீட்டில் சண்டைகள் முற்றாமல் இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

தூக்கத்தில் பினாத்திய தம்பிக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் கண்ணாடிக்காரன் என்றால் அவன்தான். கடையை மூடிய பின் அவனுக்கு இன்னொரு பதவி உண்டு: சைக்கிள் சங்கத்தின் செயலாளர். இரண்டாவது பதவிக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அதில் அவனுக்கு மரியாதை அதிகம். ஆற்றின் மேல் போகும் பெரிய பாலத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிப்பாதை திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவன் கால் தரையில் நிற்கவில்லை. அந்தப் பாதைக்கு யார் எப்போது எப்படி வருவது, எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருந்தது அவனுடைய சொந்த அண்ணி. வீட்டிலேயே விளக்கு எரியும்போது தெருவில் எதற்குத் தீப்பெட்டி தேட வேண்டும் என்று அவன் நினைத்தான். நினைத்தது அவன் தப்பு.

அண்ணியை ஊரில் பாதிப் பேர் கயித்தக்கா என்பார்கள். பாலம் வருவதற்கு முன் அந்த ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். துறையில் படகு வந்து ஒட்டும்வரை கூட்டத்தின் குறுக்கே கயிற்றைப் பிடித்து நிற்கும் வேலை அண்ணிக்கு. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. யார் முண்டுவார்கள், யார் தயங்குவார்கள், யார் 'எனக்கு அவசரமில்ல' என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாய் ஏறுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு முகத்தைப் பார்த்தவுடன் தெரியும். பிறகு பாலம் வந்தது. படகு நின்றது. துறை ஆட்களை எல்லாம் பாலத்து அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணியைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

பாலம் வண்டிகளுக்காகக் கட்டியது. காரும் லாரியும் பேருந்தும் போகும். மனிதர்கள் நடந்து போக முடியாது. ஆகவே அண்ணியின் புது வேலை என்னவென்றால், "பாலத்துல நடந்து போலாமாங்க?" என்று கேட்பவர்களுக்கு "முடியாதுங்க" என்று சொல்வது. நேற்றுவரை படகில் ஏற்றிவிட்ட அதே ஆட்களுக்கு. குரலை வைத்தே ஆளை அடையாளம் தெரியும் அவருக்கு; அதுதான் கொடுமை. அக்கரை மருத்துவமனையில் துணி துவைப்பவள், இக்கரையில் மகளைக் கட்டிக் கொடுத்தவர் எல்லோரும் இரண்டு பேருந்து மாறிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பாலத்தின் ஆற்றுப் பக்க ஓரத்தில் பெயின்ட் அடிப்பவர்கள் தள்ளுவண்டி கொண்டுபோக ஓர் அகலமான பாதை இருந்தது. அதை மக்களுக்குத் திறந்துவிடலாமே என்று அண்ணி ஒரு தலைமைப் பொறியாளரிடம் கேட்டார். அவர் சிரித்தார். அடுத்து வந்தவரிடம் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொண்டார். அண்ணிக்கு அது முன்னேற்றமாகப் பட்டது. இடையில் அஞ்சல் வழியில் படித்து ஒரு பட்டம் வாங்கினார், மற்ற ஊர்ப் பாலங்களை விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குடும்பத்தோடு போன ஒரே உல்லாசப் பயணத்தில் எல்லோரையும் கொட்டும் மழையில் ஒரு பாலத்தின் மேல் நிற்க வைத்ததை அவருடைய ஓரகத்தி இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாவது தலைமைப் பொறியாளர் பாதி மனதோடு தலையாட்டினார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை," என்றார் அவர். "வெள்ளோட்டம். யாருக்காவது அடிபட்டாலோ, நடுவுல கதவைச் சாத்தற நிலைமை வந்தாலோ, அத்தோட முடிஞ்சுது. பாதை பெயின்டருங்களுக்கே. அப்புறம் இந்தப் பேச்சை என்கிட்ட எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி சார்," என்றார் அண்ணி. அந்தச் 'சரி'க்காக அவர் அரை ஆயுள் காத்திருந்தார் என்பது பொறியாளருக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணியின் வேலை முறையே தனி. எதையும் திறப்பதற்கு முன்னால் அதைத் திட்டப் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார். "அப்புறம் திட்டறவங்க இப்பவே திட்டிட்டுப் போகட்டும், எனக்கு நேரம் மிச்சம்," என்பார். அலுவலகக் கேன்டீனில்தான் கூட்டம். அதற்கு ஒரு விதி: யாரும் தன் கட்சியைப் பேசக் கூடாது. சைக்கிள்காரன் நடப்பவனாகப் பேச வேண்டும், நடப்பவன் சைக்கிள்காரனாக. கண்ணாடிக்காரனுக்கு அன்று கிடைத்தது, குழந்தை வண்டி தள்ளும் தாய் வேடம்.

"ஐயோ, எம் புள்ளைய இடிச்சிருவானே இந்தச் சைக்கிள் தடியன்!" என்று அவன் குரலை ஒடுக்கிக் கூவியபோது கேன்டீனே குலுங்கியது. காலை நடைச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சைக்கிள்காரராகப் பேச எழுந்தார். "நாங்க உள்பக்கம் போனா லாரி போற வேகத்துல காத்து எங்களைத் தூக்கி எறிஞ்சிடும். நடக்கறவனுக்கு அந்தக் காத்து ஒண்ணும் பண்ணாது. சைக்கிளுக்கு அது உயிர்ப் பிரச்சினை," என்று சொல்லிவிட்டு, எதிர்க்கட்சிக்காக இவ்வளவு நன்றாகப் பேசிவிட்டோமே என்று அவரே திகைத்துப்போய் உட்கார்ந்தார்.

அங்கேயே முடிவாயிற்று. பாதையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஆற்றுப் பக்கம் சைக்கிளுக்கு. லாரிப் பக்கம், தடுப்பை ஒட்டி, நடப்பவர்களுக்கு. கொழுந்தனுக்காகச் செய்துவிட்டார் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் காரணம் காற்று. ஒத்திகையும் நடந்தது. பெயின்டர்கள், அலுவலக ஆட்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், காலை நடைச் சங்கம், சைக்கிள் சங்கம் எல்லோரும் பாலத்தில் போனார்கள், வந்தார்கள். ஒருவர் கூடக் கோட்டைத் தாண்டவில்லை. தலைமைப் பொறியாளரே, "பரவாயில்லையே" என்றார். சைக்கிள் சங்கம் அந்த உற்சாகத்தில் பனியன் அச்சடித்தது. முதுகில் பெரிய எழுத்தில்: 'ஆற்றுப் பக்கம் எங்கள் பக்கம்.'

வெள்ளோட்ட ஞாயிறு நல்ல வெயிலோடு விடிந்தது. பாலத்தின் நடுப்பகுதிக்குக் கண்ணாடிக்காரன்தான் பொறுப்பு. பனியனுக்கு மேல் பச்சைச் சட்டை, கையில் வாக்கி டாக்கி, கழுத்தில் விசில். அவன் மனைவி கேட்டில் குடிதண்ணீர் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்தே அவனைப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்குக் கூட இவ்வளவு விறைப்பா நிக்கல இவரு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

முதலில் வந்தவர்கள் ஊர்க்காரர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நடந்தார்கள், அந்தப் பக்கம் ஓட்டினார்கள். எல்லாம் வெண்ணெயில் கத்தி போனது போல் போய்க்கொண்டிருந்தது. பிறகு பேருந்துகள் வந்து நின்றன. வெளியூர்க் குடும்பங்கள் இறங்கின. அந்தப் பாலத்தை இதுவரை படத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

அவர்கள் பாதையின் நடுப்பகுதிக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போனது போல, வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கக் கம்பியில் போய்ச் சாய்ந்தார்கள்.

கண்ணாடிக்காரன் விசில் அடித்தான். ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். மறுபடி ஆற்றைப் பார்த்தார்.

"சார், கோடு தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க," என்றார் அவர் அமைதியாக. "ஆறும் தெரியுது."

ஒரு கூட்டத்தை அவன் நயந்து பேசி உள்ளே தள்ளினால், அது நின்ற இடத்தில் அடுத்த கூட்டம் வந்து நின்றது. சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள், வளைந்தார்கள், பல்லைக் கடித்தார்கள். வாக்கி டாக்கியில் அவன் கத்தினான்.

"அண்ணி! இந்த ஜனங்களுக்கு அறிவுங்கறதே இல்ல!"

"எல்லாருக்குமா இல்ல?" என்றது அண்ணியின் குரல்.

"ஒருத்தருக்குக் கூட இல்ல!"

வாக்கி டாக்கி ஒருமுறை கரகரத்தது. பிறகு, "ஒருத்தருக்குக் கூட இல்லைன்னா விஷயம் வேற, தம்பி. வர்றேன்," என்றார்.

அண்ணி கேட்டிலிருந்து நடந்து வந்து சேரவும் அது நடக்கவும் சரியாக இருந்தது. குழந்தை வண்டியோடு ஓர் இளம் தாய் கம்பியோரம் நின்றிருந்தாள். பின்னால் வந்த சைக்கிளின் கைப்பிடி அவள் தோள்பையின் வாரில் மாட்டிக்கொண்டது. பை பிய்ந்து பறந்தது, பால் புட்டி உருண்டது, அவள் தடுமாறியதில் வண்டி கையைவிட்டு நழுவிச் சரிவில் ஓடத் தொடங்கியது. எதிரே வந்த பெரியவர் ஒருவர் காலைக் குறுக்கே வைத்து அதை நிறுத்தினார். குழந்தை விழிக்கவே இல்லை. சைக்கிள்காரன் வெளிறிப் போய் நின்றான். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

"கோட்டுக்கு உள்ள நின்னிருந்தா இது நடந்திருக்குமா?" என்று கண்ணாடிக்காரன் அந்தத் தாயிடம் எகிறினான். பயம்தான் அவனைக் கத்த வைத்தது.

அவளும் பயத்தில்தான் திருப்பிக் கத்தினாள். "உள்ள நின்னா லாரிதான் தெரியுது! லாரியைப் பாக்கவா குழந்தையைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தேன்? ஆத்தைப் பாக்காம போறதுக்கு பஸ்ஸே போதுமே!"

அண்ணி பால் புட்டியை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்தார். நிமிர்ந்து பாதையின் நீளத்தைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை முதுகுகள். எல்லா முதுகும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அண்ணியின் முகத்தில் அந்த நேரம் வந்தது என்னவென்று கண்ணாடிக்காரனுக்குப் புரியவில்லை. நெடுநாள் தேடிய சாவி தன் கையிலேயே இருப்பதைக் கண்டவர்கள் முகம் அப்படித்தான் ஆகும்.

அண்ணி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "ரெண்டு கேட்டையும் சாத்துங்க. உள்ள இருக்கற சைக்கிள்காரங்களை இறங்கித் தள்ளிக்கிட்டு வரச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, என்ன பண்றீங்க? சாத்தினா முடிஞ்சுதுன்னு அவர் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! இன்னும் பத்துப் பேருக்கு விசில் குடுத்து நிக்க வைப்போம். சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம். அப்புறம் அனுமதி கையில வந்த பிறகு மாத்திக்கலாம்."

"அனுமதி வந்த பிறகு ஒரு குழந்தை போனா?"

அவனுக்கு அது உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "ஜனங்க ஒழுங்கா இருந்தா உங்க திட்டத்துல ஒரு குறையும் இல்லை அண்ணி. ஒத்திகையில எவ்வளவு அழகா நடந்துச்சு!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்லுவாங்க, கேட்டிருக்கியா?" என்றார் அண்ணி. "இங்க அப்படி இல்லப்பா. ஆடறவங்க சரியாத்தான் ஆடறாங்க. கூடந்தான் கோணல். கட்டினது நான்."

தலைமைப் பொறியாளர் மஞ்சள் வண்டியில் வந்து இறங்கினார். கட்டுப்பாட்டு அறையின் திரையில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கெட்டவர் இல்லை; காற்றடித்தால் பாலத்துக்கு என்ன ஆகும் என்று தூக்கம் கெட்டு யோசிக்கும் மனிதர். அதனாலேயே பாலத்தின் மேல் மனிதர்களை நடக்க விட அவர் பயந்தார்.

"கேட்டைச் சாத்தச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"என்ன பேசியிருந்தோம்?"

"நடுவுல சாத்தினா முடிஞ்சுதுன்னு."

"தெரிஞ்சேதான் சாத்தினீங்களா?"

"அடிபட்ட பிறகு நீங்க சாத்தறதை விட, அடிபடறதுக்கு முன்னாடி நான் சாத்தறது மேல் இல்லையா சார்?"

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பனியன் போட்ட சைக்கிள்காரர்கள், பெயின்டர்கள், வெளியூர்க்காரர்கள், தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த தம்பி மனைவி. இத்தனை பேர் நடுவில் அண்ணி குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"தப்பு என்னோடது சார். ஒத்திகைக்கு நான் கூப்பிட்டது அத்தனையும் நம்ம ஆளுங்க. பெயின்டருங்க இந்த ஆத்துக்கு மேல தொங்கிக்கிட்டே சாப்பிடறவங்க. நடைச் சங்கத்துக்காரங்க கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நடப்பாங்க. ஆபீஸ்ல நம்ம எல்லாருக்கும் ஜன்னல் இருக்கு, ஆனா வெயில் அடிக்குதுன்னு திரை போட்டு வெச்சிருக்கோம். நம்மள்ல ஒருத்தரும் ஆத்தைப் பாக்க நிக்க மாட்டோம். நிக்காத ஆளுங்களை வெச்சுக்கிட்டு, நிக்கறவங்களுக்குப் பாதை போட்டுட்டேன்."

பொறியாளர் கம்பியோரம் நின்றவர்களைப் பார்த்தார். "அந்த வரைபடத்துல நானும்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார் மெதுவாக. "எனக்கும் தோணலையே."

"சார், கோட்டுக்கு ரெண்டு பக்கத்தையும் மாத்திடலாம். ஆத்துப் பக்கம் நடக்கறவங்களுக்கு. நிக்கட்டும், பாக்கட்டும். சைக்கிள் உள்பக்கம்."

"லாரிக் காத்து?"

"பக்கத்து லேனை மூடிட்டா லாரி ஒரு லேன் தள்ளிப் போகும். அப்புறம் தடுப்பு மேல காத்தை மறைக்கத் தட்டி அடிச்சுக்கலாம். தட்டி வர்ற வரைக்கும் லேன் மூடலைன்னா, சைக்கிளை நானே உள்ள விட மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை ஒரு லேனை மூடினா வண்டிக்காரங்க என் தோலை உரிச்சிடுவாங்கம்மா."

"உரிக்கறவங்களை என்கிட்ட அனுப்புங்க சார். கேன்டீன்ல உக்கார வெச்சு, நடந்து போறவனா பேச வைக்கறேன்."

பெயின்டர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். பொறியாளருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் லேனைத் தர்றேன். அதுக்கு மேல பேச்சில்ல, பாத்துட்டுத்தான் முடிவு. ஆனா சைக்கிள்காரங்க மனசோட ஒத்துக்கணும். அவங்க முரண்டு பிடிச்சா இன்னும் ஒரு விபத்துதான் நடக்கும்."

எல்லோர் கண்ணும் கண்ணாடிக்காரன் மேல் விழுந்தது.

பச்சைச் சட்டைக்குள் அந்தப் பனியன் நெருப்பாகச் சுட்டது அவனுக்கு. சங்கத்தில் அவன் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? 'ஆத்துப் பக்கம் வாங்கிக் குடுத்தது யாரு?' என்று கேட்டுக் கேட்டுக் கைதட்டல் வாங்கியிருந்தான். அடுத்த தேர்தலில் போட்டியே இருக்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இப்போது அண்ணி கேட்கப் போகிறார். 'தம்பி, எனக்காக விட்டுக் குடேன்' என்பார். குடும்பத்தை இழுத்தால் மறுத்துவிடலாம் என்று அவன் மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பினார். அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். இந்த நாள்வரை அவனிடம் 'நீங்க' போட்டுப் பேசியதில்லை.

"செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார்.

அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, கண்ணில் உறவு இல்லை. கேன்டீனில் வங்கிக்காரரிடம் கேட்ட அதே குரல். அவன் தயார் செய்து வைத்திருந்த மறுப்பு முழுவதும் ஆளில்லாத வீட்டுக்குப் போன கடிதம் போல ஆகிவிட்டது.

"சங்கத்துல கேக்கணும்," என்றான்.

"கேளுங்க. நாங்க இருக்கோம்."

சங்கத்துக்காரர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு வளையமாக நின்றார்கள். அவன் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே முதல் கல் விழுந்தது.

"அண்ணியார் கண்ணைக் காட்டினதும் கவுந்துட்டீரா செயலாளரே?"

"பனியனை என்ன பண்றது? திருப்பிப் போட்டுக்கறதா?"

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறவரு, இதை முன்னாடியே பாத்திருக்க வேணாமா?" இது வளையத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அவன் மனைவி.

சிரிப்பு அடங்கும்வரை அவன் பொறுத்திருந்தான். "நான் பாக்கலதான்," என்றான். "நீங்க பாத்தீங்களா? இன்னிக்குக் காலையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனோமே, ஆத்துல தண்ணி எந்த நிறத்துல இருந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க."

"நான் முன்னாடி போறவன் சக்கரத்தைப் பாத்தேன்," என்றார் ஒருவர்.

"நான் வேகம் காட்டற மீட்டரை."

"அப்ப நமக்கு எதுக்கு ஆத்துப் பக்கம்?" என்றான் கண்ணாடிக்காரன். "காத்து அடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? லேனை மூடறாங்க. தட்டி வர்ற வரைக்கும் மூடலைன்னா பாலத்து வாசல்ல முதல் ஆளா நான் உக்காந்து சண்டை போடறேன், எங்க அண்ணிக்கு எதிராவே. ஆனா அந்தப் புள்ளையோட வண்டி சரிவுல ஓடினதைக் கண்ணால பாத்தேன். கேன்டீன்ல நான் அம்மா வேஷம் போட்டுக் கூவினப்ப எல்லாரும் சிரிச்சோம். இன்னிக்கு அந்தம்மா நிஜமாக் கூவினாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவங்க மேலயே எகிறினேன்."

காலையில் பையை இழுத்த சைக்கிள்காரன்தான் முதலில் தலையசைத்தான். பிறகு மற்றவர்கள். முழு மனதோடு என்று சொல்ல முடியாது, முக்கால் மனதோடு. ஒரே ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது இறங்கித் தள்ளிக்கொண்டேதான் போனார் என்பதை அண்ணி கவனித்தார்.

பெயின்டர்கள் தரையில் வரைந்திருந்த சைக்கிள் படங்களின் மேல் பசை தடவிய சாம்பல் நிறத் துணியை ஒட்டி, சுண்ணாம்பால் நடக்கும் ஆளை வரைந்தார்கள். அவசரத்தில் வரைந்த ஆளுக்கு ஒரு கால் நீளமாகிவிட்டது. பக்கத்து லேனின் மேல் சிவப்புக் குறி எரிந்தது. லாரிகள் முனகிக்கொண்டே விலகிப் போயின. அண்ணி மைக்கை வாங்கிக் கேட்டில் காத்திருந்தவர்களிடம் பேசினார்.

"காலையில நான் போட்ட ஏற்பாடு தப்பு. உங்களைக் காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. இப்ப ஆத்துப் பக்கம் உங்க பக்கம். நில்லுங்க, பாருங்க. கோட்டுக்கு உள்பக்கம் மட்டும் வராதீங்க, அது சைக்கிளுக்கு."

இப்படி ஓர் அறிவிப்பை அந்த மக்கள் எந்த அலுவலகத்திலிருந்தும் கேட்டதில்லை. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வரிசையின் பின்னாலிருந்து ஒரு கிழவர், "சொன்னியே தாயி, அதுவே போதும். கதவைத் திற," என்றார்.

கதவு திறந்தது. எல்லாம் சொக்கத்தங்கமாக நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். முக்காலி வைத்துப் படம் எடுக்க வந்தவர்கள் முக்காலியின் ஒரு காலைக் கோட்டுக்கு உள்ளே நீட்டினார்கள். ஒரு கல்யாண ஜோடி முழுப் பாதையும் தங்களுடையது என்று நினைத்தது. சைக்கிள்காரர்கள் உள்பக்கத்தில் மெதுவாகப் போக வேண்டியிருந்ததில் சிலர் முகம் சுளித்தார்கள். லேன் மூடியதால் வண்டி வரிசை சந்தைவரை நின்றது. ஆனால் கோட்டைத் தாண்ட யாருக்கும் ஆசை வரவில்லை. வேண்டியது எல்லாம் அவர்கள் பக்கத்திலேயே இருந்தது. குழந்தை வண்டித் தாய் திரும்பி வரும்போது கண்ணாடிக்காரன் அவளிடம் போய், "காலையில கத்திட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றான். அவள், "நானுந்தான் கத்தினேன், கணக்கு நேர்" என்றாள். பையின் வாரை அவன் மனைவி ஊக்கு வைத்துப் பொருத்திக் கொடுத்திருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் கடைசிக் குடும்பம் வெளியேறியது. அண்ணியும் கண்ணாடிக்காரனும் நடுப்பாலத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மஞ்சள் வண்டி மறுபடி வந்து நின்றது. பொறியாளர் இறங்கவில்லை. வண்டிக் கண்ணாடியை மட்டும் இறக்கினார். கண்ணாடிக்காரன் கூம்பைக் கையில் பிடித்தபடி நின்றான். தன் பாதை, தன் சங்கம் என்ற நினைப்பெல்லாம் அவனுக்கு எங்கேயோ போயிருந்தது. இந்த மனுஷிக்குக் கிடைக்கட்டும், எப்படியாவது கிடைக்கட்டும் என்றது அவன் மனது.

"வண்டிக்காரங்க உரிச்சாங்க," என்றார் பொறியாளர். "மூணு பேரு. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்."

"நல்லது சார்."

"தட்டிக்கு நாளைக்கே அளவு எடுக்கச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் லேனை மூடலாம். மத்த நாள்ல நடக்கறவங்களுக்கு மட்டும், சைக்கிள் இல்ல." பிறகு ஏதோ சில்லறை விஷயம் கேட்பது போல, "நாளைக்குக் காலையில கேட்டைத் திறக்க ஆள் இருக்கா உங்ககிட்ட?" என்றார்.

அண்ணி கையிலிருந்த கூம்பை இன்னொரு கூம்பின் மேல் வைத்தார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து வைத்தார்.

"நான் இருக்கேன் சார்," என்றார்.

பொறியாளர் வண்டிக் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். கண்ணாடிக்காரனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதை மறைக்க வேறு பக்கம் திரும்பினான். அப்படித் திரும்பியதில் அன்று முதல் முறையாக ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் செம்பு நிறத்தில் இருந்தது.

"அண்ணி, எல்லாரும் பாத்தாங்க, நானும் இப்பப் பாத்துட்டேன். நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"ஆத்தை!"

"எங்கப்பா நேரம்? திரும்பி வர்ற ஜனங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவசர அவசரமா வந்தாங்க பாரு. போறப்ப ஆடி அசைஞ்சு போனவங்க வர்றப்ப ஏன் ஓடி வர்றாங்கன்னு யோசிச்சேன்." அண்ணி சட்டென்று நிறுத்தினார். "அந்தக் கரையில கழிப்பறை இல்ல!"

சொல்லிக்கொண்டே அவர், "சார்! சார், ஒரு நிமிஷம்!" என்று மஞ்சள் வண்டியின் பின்னால் வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தார். வண்டியும் நகரத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்தவர் கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதது போல இருந்தாரா என்பது தெரியாது. ஆனால் பாலத்தின் முனையில், கேட் திறப்பதற்காக அது நின்றுதான் ஆக வேண்டும். அண்ணி அதைத் தெரிந்துதான் நடந்தார்.